பள்ளி நாட்காட்டிக்குள் ஒரு நீண்ட பயணம்: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 நவம்பரில் பள்ளி ஆண்டு முடிந்த கையோடு, ஈசூன் வட்டாரத்தில் வசிக்கும் நால்வர் அடங்கிய தமிழ்க் குடும்பம் ஒன்று வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியது. ஜொகூர் பாருவில் ரயில் ஏறி மேற்கு மலேசியாவில் நான்கு வாரம், பிறகு கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம், திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒன்பது வாரம், தமிழ்நாட்டின் பிற ஊர்களில் நான்கு வாரம். 2025 மார்ச் நடுவில் ஊர் திரும்பினார்கள். மொத்தம் பதினேழு வாரம். பிள்ளைகள் தவறவிட்ட பள்ளி நாட்களோ பத்து வாரத்துக்குச் சற்றே கூடுதல்.

இந்தக் குடும்பத்தின் இரு பிள்ளைகளும் என்னிடம் தமிழ் படிக்கிறார்கள். அதனால் கிளம்புவதற்கு முன்பும் திரும்பிய பின்பும் அவர்களை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. பெற்றோரின் அனுமதியோடு எழுதுகிறேன். பெயர்களும் அடையாளங்களும் இல்லை.

கணவர் சிங்கப்பூரில் பிறந்தவர், விமானப் பராமரிப்பு நிறுவனமொன்றில் மேற்பார்வையாளர். மனைவி காவிரி டெல்டாவில் பிறந்து, திருமணமாகி இங்கு வந்து நிரந்தரவாசியானவர், பாலர் பள்ளி ஆசிரியர். அப்போது மகள் தொடக்கநிலை 3, மகன் தொடக்கநிலை 1. இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் நடப்பதுதான் இங்கும் நடந்தது. பள்ளி விட்டதும் மாணவர் பராமரிப்பு நிலையம், அங்கிருந்து துணைப்பாடம். மகளுக்கு அந்த ஆண்டு இணைப்பாட நடவடிக்கையும் சேர்ந்துகொண்டது. நால்வரும் ஒன்றாக உட்காருவது இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும். அதிலும் பாதி நேரம் மறுநாள் பையில் எதை எடுத்து வைப்பது என்ற பேச்சிலேயே கழிந்துவிடும்.

ஆனால் அவர்களைக் கிளப்பிவிட்டது அந்தக் களைப்பு அல்ல. ஊரில் இருக்கும் மனைவியின் தந்தைக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளைகள் அவரைக் காணொளி அழைப்பில்தான் அறிந்திருந்தார்கள். சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டம் உறுதியளிக்கும் ஆண்டு விடுப்பு முதல் ஆண்டில் 7 நாள்; எட்டாம் ஆண்டு முதல் 14 நாள். நிறுவனங்கள் சற்றுக் கூடுதலாகத் தந்தாலும், ஊருக்குப் போகும் இரண்டு வாரத்தைக் கல்யாணமும் கோயிலும் துணிக்கடையும் தின்றுவிடுகின்றன. தாத்தாவோடு பிள்ளைகள் சேர்ந்தாற்போல் இரண்டு நாள்கூட இருந்ததில்லை என்று அந்தத் தாய் என்னிடம் சொன்னபோது அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கணக்குப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான்.

காலத்தைத் தேர்ந்த விதம்

இந்த நிகழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். நீண்ட பயணம் என்றதும் எல்லாரும் முதலில் பணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். இங்கே பணத்தைவிடக் கறாரானது நாட்காட்டி.

கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் இருக்கிறது. தொடக்கப்பள்ளி வயதுக் குடிமக்கள் ஒழுங்காகப் பள்ளிக்கு வர வேண்டும். ஆகவே பள்ளி முதல்வரின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகராது. பள்ளி ஆண்டில் நான்கு தவணைகள். மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம் விடுமுறை. ஒரு தவணையை மட்டும் இழந்து நீண்ட காலம் வெளியே இருக்க வேண்டுமானால் இரண்டு வழிகள்தான் உருப்படியானவை. ஜூன் விடுமுறையில் கிளம்பி மூன்றாம் தவணையைத் தாண்டி செப்டம்பரில் திரும்பலாம். அல்லது நவம்பரில் கிளம்பி முதல் தவணையைத் தாண்டி மார்ச்சில் திரும்பலாம். இரண்டிலும் இழப்பது பத்து வாரம்தான். ஆனால் முதல் வழியில் திரும்பியதும் ஆண்டிறுதித் தேர்வு முகத்தில் நிற்கும். இரண்டாவதில் சரிசெய்ய ஆண்டின் பெரும்பகுதி மீதமிருக்கும்.

நவம்பர் வழியை எடுத்தார்கள். எந்த நவம்பர் என்பது அடுத்த கேள்வி. பல தொடக்கப்பள்ளிகளில் தொடக்கநிலை 1, 2 இரண்டுக்கும் ஒரே வகுப்பு தொடர்கிறது. பிறகு தொடக்கநிலை 3 தொடங்கும்போதும் 5 தொடங்கும்போதும் மாணவர்களைக் கலைத்துப் புதிதாகப் பிரிக்கிறார்கள். மகள் 3 முடித்து 4, மகன் 1 முடித்து 2. ஜனவரியில் இருவரும் இல்லாவிட்டாலும் திரும்பி வரும் வகுப்பில் பழைய முகங்களே இருக்கும். தொடக்கநிலை 1, 2 இரண்டிலும் தேர்வும் கிடையாது. தொடக்கநிலை 4 ஆண்டிறுதி முடிவுகளைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு எந்தப் பாடத்தை எந்த நிலையில் எடுப்பது என்று தீர்மானிக்கிறார்கள் என்பதால், மகளுக்கு அதற்குமேல் தள்ளிப்போட இடமில்லை.

அந்த நவம்பரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மகளுக்கு 2027இல் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு, மகனுக்கு 2029இல். அதற்குப் பிறகு மகனுக்கு 13 வயதாகிவிடும். 13 வயதான ஆண்பிள்ளை மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருப்பதற்கு, ஆண்களுக்கான கட்டாயப் படைச் சேவையான தேசிய சேவையின் விதிகளின்படி வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். அதே சமயத்தில் மகள் உயர்நிலைப்பள்ளியின் இறுதித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருப்பாள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் திறந்த கதவு அது ஒன்றுதான். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்த இரவில்தான் முடிவெடுத்ததாகக் கணவர் சொல்கிறார்.

முதல்வரிடம் பிப்ரவரியிலேயே பேசிவிட்டார்கள், ஒன்பது மாதம் முன்னதாக. எழுத்துபூர்வமான படிப்புத் திட்டம் கேட்டார் முதல்வர், கொடுத்தார்கள். மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இன்னொரு பள்ளியில் இதே கோரிக்கைக்கு வேறு பதில் கிடைத்திருக்கக்கூடும்.

வீடும் வேலையும்

அவர்களுடையது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. முழு வீட்டையும் வாடகைக்கு விட, குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தது. ஆனால் வாடகைக் காலம் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது என்பது வீவக விதி. நான்கு மாதப் பயணத்துக்கு வாடகை வருமானம் கிடையாது. அப்படியானால் ஆறு மாதமாக நீட்டிவிடலாமே என்று கணவர் யோசித்தார். நீட்டினால் இரண்டாம் தவணையும் போய்விடும். அவர் முழுநேரச் சேவையை முடித்தும் கடமை தொடரும் தேசியச் சேவையாளர் வேறு. 14 நாள் முதல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு முன்னறிவிப்பு போதும், ஆறு மாதம் என்றால் அவருக்கும் வெளியேறும் அனுமதி தேவை. வாடகைக்காகப் பிள்ளைகளின் இன்னொரு தவணையைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். என் பார்வையில் மொத்தத் திட்டத்திலும் அதுவே மிகச் சிறந்த முடிவு.

சம்பளமில்லா விடுப்பு தர வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தும் பொதுவான சட்டம் இங்கில்லை. கணவரின் நிறுவனம் யோசித்துக் கொடுத்தது. மனைவி வேலையை விட்டார். சம்பளம் நின்றால் மத்திய சேம நிதிக்குப் போகும் ஊழியர் பங்கு 20 விழுக்காடும் முதலாளி பங்கு 17 விழுக்காடும் சேர்ந்தே நிற்கும். வீட்டுக் கடன் தவணையோ நிற்காது. வீவக கடன் எடுக்கும்போது சேம நிதியின் சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளி வரை விட்டுவைக்க அனுமதி உண்டு. வீடு வாங்கிய அன்று அந்தத் தொகையைத் தொடாமல் வைத்திருந்தார்கள். நான்கு மாதத் தவணையும் அதிலிருந்தே கழிந்தது. பலருக்கு மறந்துபோகும் இன்னொன்று, கடந்த ஆண்டு வருமானத்துக்கான வரி. அதை மாதத் தவணையாகக் கட்டுபவர்களுக்குச் சம்பளம் இல்லாத மாதத்திலும் வங்கியிலிருந்து பணம் போகும். நகர மன்றக் கட்டணமும் அப்படியே.

காப்புறுதியில் ஒரு சிக்கல் வந்தது. வழக்கமாக எடுக்கும் ஆண்டுப் பயணக் காப்புறுதித் திட்டங்களில் ஒரு பயணத்துக்கு 90 நாள் என்ற வரம்பு பரவலாக இருக்கிறது. ஒற்றைப் பயணத் திட்டமாகத் தனியே வாங்க வேண்டியிருந்தது. கடவுச்சீட்டுகளையும் அப்போதுதான் எடுத்துப் பார்த்தார்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்களின் சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு ஐந்து ஆண்டுதான் செல்லும். மகனுடையது புதுப்பிக்க வேண்டிய நிலையில் இருந்தது. நிரந்தரவாசி நாடு திரும்பத் தேவையான மறுநுழைவு அனுமதி மனைவிக்குப் போதிய காலம் செல்லுபடியாகும் என்பதையும் உறுதிசெய்தார்கள். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை ஏற்கெனவே இருந்ததால் இந்திய விசா பற்றிய கவலை இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மனைவி மலேசியாவுக்குப் போக 2023 டிசம்பர் முதல் விசா தேவையில்லை. ஒரே குடும்பம் எல்லையில் இரண்டு வரிசையில் நிற்கும் நிலை இங்குள்ள நம்மவர் பலருக்குப் பழகியதுதான்.

வீட்டுச் சாவியை எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்திடம் கொடுத்தார்கள். கழிவறைத் தொட்டியையும் தரை வடிகால் துளைகளையும் மூடிவைத்துவிட்டுப் போனது கொசுவுக்காக. கணவரின் தாயார் தம் மகள் வீட்டில் தங்கிக்கொண்டார்.

முதல் நான்கு வாரம்

இது சரியாக அமையவில்லை. திட்டம் கணவருடையது: கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங், பினாங்கு, கெடா. ஊருக்கு மூன்று இரவு, நான்கு இரவு. ஒவ்வொரு நாளுக்கும் காலை ஒன்று, மாலை ஒன்று என்று இடங்களைக் கைப்பேசியில் அட்டவணை போட்டு வைத்திருந்தார். வேலையில் விமானங்களை எப்படி வரிசைப்படுத்துவாரோ அப்படி.

திசை சரியானதுதான். ஆண்டிறுதிப் பருவமழையில் மலேசியாவின் கிழக்குக் கரை நனையும், மேற்குக் கரை தப்பிக்கும். அந்த நவம்பர் இறுதியில் கிளந்தானும் திரெங்கானுவும் வெள்ளத்தில் மூழ்கின; அதே நாட்களில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. குடும்பம் ஈப்போவில் பத்திரமாக இருந்தது. ஆனால் நான்கு நாளுக்கு ஒருமுறை துணி துவைத்து, காய்வதற்குள் மடித்து, பெட்டி கட்டி, புதிய அறையில் மகனுக்குத் தூக்கம் வராமல், காலையில் எல்லாருக்கும் கோபம். ஈசூனில் விட்டுவந்த அவசரம் வேறு ஊர்களில் தொடர்ந்தது, அவ்வளவுதான். பினாங்கில் ஒருநாள் மகள் அறையை விட்டு வர மறுத்துவிட்டாள். “இன்றைக்கு எங்கேயும் போகாமல் இருக்கலாமா அப்பா?” என்று கேட்டாளாம். அன்று போகவில்லை. சன்னலோரம் படுத்துக்கொண்டு நால்வரும் சீட்டு விளையாடினார்கள். மலேசியப் பகுதியில் பிள்ளைகள் இன்றும் முதலில் சொல்வது அந்த நாளைத்தான்.

ஒன்றை மட்டும் நான் விட்டுவிட முடியாது, தமிழாசிரியர் என்பதால். கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். மெர்போக் அருங்காட்சியகத்தின் பின்னால் சரிவில் ஏறினால் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம் இருக்கிறது. கடாரம் என்று சோழர் கல்வெட்டுகள் சொல்லும் நிலம். 1025இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படை வந்த திசை. அதற்கு முன்பே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்ட, அதற்கு இராசராசன் ஆனைமங்கலத்தை எழுதிக்கொடுத்தான். பிப்ரவரியில், இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தில் நின்றபோது மகள், “அந்தக் கல்லைப் பார்த்தோமே, அதன் மறுபக்கமா இது?” என்று தன் தந்தையைக் கேட்டிருக்கிறாள். வகுப்பில் நான் எவ்வளவு நேரம் பேசினாலும் அந்தக் கேள்வியைப் பிறக்கவைக்க முடியாது.

ஊரில்

டிசம்பர் நடுவில் கிராமத்துக்கு வந்தார்கள். மழை ஓய்ந்து மார்கழி பிறந்திருந்தது. அட்டவணை கிடையாது. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். மகள் பெரியம்மாவோடு வாசல் தெளித்துப் புள்ளி வைப்பாள். எட்டரை முதல் பத்தரை வரை பள்ளிப்பாடம். பிறகு பகல் முழுவதும் அவர்களுடையது. முதல் வாரம் மகன் சலித்துப்போய்த் திறன்பேசி கேட்டு அழுதான். இரண்டாவது வாரத்தில் அழுகை குறைந்தது. மூன்றாவது வாரத்தில் அவனைச் சாப்பாட்டுக்குத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

தை பிறந்ததும் சம்பா அறுவடை. இயந்திரம் வந்து அரை நாளில் வயலை வழித்துப் போட்டுவிட்டது. பொங்கல் கழித்துப் பருவம் தவறி மழை பிடித்துக்கொண்டதில் கடைசி வயல் நெல் நனைந்துவிட்டது. அதை அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனபோது தாத்தாவோடு மகனும் போனான். அங்கே கையடக்கக் கருவியில் ஒரு பிடி நெல்லைப் போட்டு ஈரம் பார்க்கிறார்கள். 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். எண் 19 என்று காட்டியது. “தாத்தா, நம் நெல் தோற்றுவிட்டதா?” என்று கேட்டான். “தோற்கவில்லை ஐயா, இன்னும் குளித்துத் துவட்டவில்லை” என்றாராம் அவர். தார்ப்பாயில் பரப்பிக் காலால் கிளறிவிட்டுக் கிளறிவிட்டு மூன்று நாள் காயவைத்தார்கள். மகனும் கிளறினான். நெல் சுணை பட்டுக் கணுக்கால் முழுவதும் அரிப்பு. நான்காம் நாள் எடுத்துக்கொண்டார்கள். நாற்பது கிலோ சாக்கு ஒவ்வொன்றும் எடைபோடப்படும்போது மகள் நோட்டில் கோடு போட்டு எண்ணினாள். தாத்தாவின் கணக்கோடு ஒரு சாக்கு இடித்தது. மறுபடி எண்ணியபோது அவள் சொன்னதே சரியாக இருந்தது.

கணவரின் தாயாரும் தை மாதத்தில் வந்து சேர்ந்தார். பலதுறை மருந்தகத்தில் மாத்திரைகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஐந்து வாரம் தங்கினார். சிறுமியாக ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர் அவர். நாகப்பட்டினம் கடற்கரையில் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இதற்கு முன் அவர் அதைச் சொன்னதே இல்லை. கேட்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 29.2 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் 36.7. இந்தப் பிள்ளைகள் அந்த மீதிப் பக்கத்தில் இருந்தவர்கள்; நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஒன்பது வாரத்தில் அது மாறியதற்குக் காரணம் பயிற்சி இல்லை. தாத்தாவிடம் வேறு மொழி செல்லாது. சைக்கிள் வேண்டும் என்றாலும், தோசை போதும் என்றாலும், அக்கா அடித்துவிட்டாள் என்றாலும் தமிழில்தான் சொல்லியாக வேண்டும்.

பாடம்

காலை இரண்டு மணி நேரம் போதுமா என்பது எல்லாருடைய கேள்வி. கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போதும். பாடநூல்களைத் தூக்கிச் சென்றார்கள். கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளத்திலும் பயிற்சிகள் இருந்தன. தொடக்கத்தில் கணிதத்தைத் தந்தை கற்பித்தார். தினமும் கண்ணீரில் முடிந்தது. தாய் எடுத்துக்கொண்ட பிறகு சீரானது. பெற்றோரில் யாருக்குப் பொறுமையோ அவர் கற்பிப்பதே நல்லது. படிப்புத் தகுதியைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது.

அறிவியல் பின்தங்கியது. வயலும் வாய்க்காலும் சுற்றி இருந்தும் பின்தங்கியது. இங்குள்ள அறிவியல் தேர்வு கேட்பது அறிவை மட்டுமல்ல, குறித்த சொற்களில் விளக்கம் எழுதும் பழக்கத்தை. அந்தப் பழக்கம் வகுப்பறையில்தான் வரும்.

திரும்பிய பிறகு

மார்ச் விடுமுறை வாரத்தை வீட்டிலேயே கழிப்பது என்று முதலிலேயே ஒதுக்கி வைத்திருந்தார்கள். வந்து இறங்கிய மறுநாளே பள்ளி என்றிருந்தால் பிள்ளைகள் தடுமாறியிருப்பார்கள். இரண்டு மாதச் செலவுக்கான பணத்தையும் பயணத்தில் தொடாமல் வைத்திருந்தார்கள். அதற்குப் பயன் வந்தது: மனைவி பாலர் பள்ளி வேலையில் மறுபடி சேர ஆறு வாரம் ஆனது.

மகளின் முதல் அறிவியல் மதிப்பீடு மோசம். ஆண்டு நடுவில் சரியாகிவிட்டது. வகுப்புத் தோழிகள் அவளுக்கு இடம் வைத்திருந்தார்கள். ஆனால் அவளுக்குத் தெரியாத சில விளையாட்டுகளும் ரகசியங்களும் அவர்களுக்குள் உண்டாகியிருந்தன. சில வாரம் அது அவளை வருத்தியது. மகனுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

கணவருக்குத்தான் கூடுதல் விலை. அவர் பார்த்துவந்த பணித்திட்டம் வேறொருவரிடம் போயிருந்தது. அந்த ஆண்டு பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இதை அவர் மறைக்கவில்லை, நானும் மறைக்க விரும்பவில்லை. நிறுவனம் விதிப்படிதான் நடந்துகொண்டது. ஆனாலும் நான்கு மாதம் பிள்ளைகளோடு இருந்த ஒரு தந்தை அதற்காகப் பின்வரிசைக்குப் போவது சரியென்று எனக்குப் படவில்லை. அடுத்த முறையும் இதையே செய்வீர்களா என்று கேட்டேன். செய்வேன், மலேசியாவில் ஓர் ஊரில் மட்டும் தங்குவேன் என்றார்.

தமிழில் மகளின் வாய்மொழி மதிப்பீடு வெகுவாக உயர்ந்தது. எழுத்தில் அந்த உயர்வு இல்லை. பேச்சு நடையில் எழுதுகிறாள், ஊர்ச் சொற்கள் கட்டுரையில் வந்துவிடுகின்றன. திருத்துகிறேன், ஆனால் வருத்தமில்லாமல் திருத்துகிறேன். எழுதச் சொற்கள் இல்லாத பிள்ளையைவிட, வழியும் சொற்களை ஒழுங்குபடுத்த வேண்டிய பிள்ளைக்குக் கற்பிப்பது எவ்வளவோ மேல்.

இதைக் கேள்விப்பட்டு வேறு பெற்றோர்களும் என்னிடம் விசாரிக்கிறார்கள். ஒற்றை வருமானக் குடும்பம், தேர்வு ஆண்டில் ஒரு பிள்ளை, 13 தாண்டிய மகன் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் குறுக்கே நிற்கிறது. அவர்களிடம் நான் ஜூன் விடுமுறையைச் சொல்கிறேன். நான்கு வாரத்தையும் ஒரே ஊரில், ஒரே வீட்டில் கழியுங்கள். பெற்றோர் இருவரும் ஒரே நேரத்தில் விடுப்பு எடுக்க முடியாவிட்டால் இரண்டு வாரம் ஒருவர், இரண்டு வாரம் மற்றவர் இருங்கள். ஊரில் உறவு இல்லாதவர்களுக்கு ஈப்போவோ பினாங்கோ போதும், சமையலறை உள்ள வீடாக எடுத்தால். இந்தக் குடும்பமும் அடுத்த ஜூனுக்குத் தாத்தா வீட்டுக்கே டிக்கெட் எடுத்திருக்கிறது. குறுவை நடவு பார்க்க வேண்டும் என்று மகன் கேட்டிருக்கிறான்.